மூளைக்குக் காந்த அதிர்வு கொடுத்தால் குடு விடுபடுமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

இணுவில்_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் தம்பிக்கு 26 வயது. குடு, அதுதான் ஹெரோயின், பழகிச் சில வருடங்கள் ஆகின்றன. இடையிடையே நிறுத்துவான், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்து ஒரு கிழமை படாத பாடு பட்டு எழும்புவான், முகம் தெளியும், சாப்பிடுவான், அம்மா நேர்த்திக்கடனைச் செய்து முடிப்பதற்குள் திரும்பப் போய்விடுவான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். இந்த முறை தானாகவே "எனக்கு ஏதாவது செய்யுங்கோ அக்கா" என்று கேட்கிறான்.

கனடாவில் இருக்கும் சித்தப்பா ஒரு காணொளி அனுப்பினார். தலையில் ஒரு காந்தக் கருவியை வைத்து மூளைக்கு அதிர்வு கொடுக்கிறார்கள், ஓப்பரேஷன் இல்லை, குளிசை இல்லை, போதை ஆசை போய்விடும் என்று அதில் சொல்கிறார்கள். சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் இது இருக்கிறது என்று போன் நம்பரும் தந்தார். எடுத்துக் கதைத்தேன். "கூட்டிக்கொண்டு வாங்க, முப்பது தடவை கொடுத்தால் சரியாகிவிடும்" என்றார்கள். காசு விபரம் சொன்னார்கள், தம்பியைப் பற்றி வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வளவை ஈடு வைக்கத் தயார். பலாலியிலிருந்து விமானமா, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகும் கப்பலா என்று விசாரித்தும் முடித்துவிட்டார்.

இது உண்மையிலேயே வேலை செய்கிற வைத்தியமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தம்பியைத் திட்ட மட்டும் வேண்டாம், அதை ஊருக்குள்ளேயே நிறையக் கேட்டுவிட்டோம்.


யாழ்_வாசி எழுதியது:

தங்கச்சி, முதலில் அப்பாவிடம் சொல்லி அந்த ஈட்டு வேலையை நிறுத்துங்கள். காந்தம், கரண்ட் எல்லாம் கஷ்டத்தில் இருக்கிற சனத்திடம் காசு பிடுங்குகிற வேலை. மனக்கட்டுப்பாடு இல்லாவிட்டால் எந்த மெஷினாலும் பிரயோசனம் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு பெடியனைத் தோட்டத்து அறையில் பூட்டி வைத்துத்தான் நிறுத்தினார்கள், கஷ்டம்தான், ஆனால் நிறுத்தினான். பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனைப் பிடித்து உள்ளே போடாமல் என்ன வைத்தியம் செய்தும் என்ன?


சுன்னாகம்_தாதி எழுதியது:

யாழ்_வாசி அண்ணை, பூட்டி வைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் வார்டில் வேலை செய்கிறவள், இதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

கடைசியாக இழுத்து எட்டுப் பத்து மணித்தியாலம் போகக் கொட்டாவி தொடங்கும். மூக்காலும் கண்ணாலும் தண்ணீர் ஓடும், கண்மணி அகலமாக விரிந்திருக்கும். பிறகு உடம்பு முழுக்கப் புல்லரித்து மயிர் குத்திட்டு நிற்கும், வியர்க்க வியர்க்கக் குளிரும். சத்தி, வயிற்றாலை போதல், எலும்புக்குள் உளைவு. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். கால் ஓரிடத்தில் நிற்காது, கட்டில் சட்டத்தை உதைத்துக்கொண்டே இருப்பார்கள், "அக்கா காலைப் பிடித்து அமத்துங்கோ" என்று கெஞ்சுவார்கள். நித்திரை இல்லை. இந்த நிலையில் ஒருவரை அறையில் பூட்டிவிட்டுப் போனால் சத்தியாலும் வயிற்றாலையாலும் உடம்பில் நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மனக்கட்டுப்பாடு வேண்டும்தான், ஆனால் அந்தக் கிழமையில் முதலில் வேண்டியது தண்ணீரும் மருந்தும் பக்கத்தில் ஓர் ஆளும்.

காந்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்த டொக்டர்மார் இங்கே இருந்தால் சொல்லட்டும்.


மனநலப்_பயிற்சி எழுதியது:

மனநல மருத்துவத்தில் பயிற்சியில் இருக்கிறேன். அக்கா, உங்கள் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கிடையாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

அந்தக் கருவியின் பெயர் ரி.எம்.எஸ். கம்பிச் சுருள் ஒன்றைத் தலையோட்டுக்கு வெளியே வைத்து அதனூடாக மிகக் குறுகிய மின்னோட்டத்தைப் பாய்ச்சினால் காந்தப்புலம் சட்டென்று எழுந்து அடங்கும். அந்த மாற்றம் எலும்பைத் தாண்டி உள்ளே போய், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள மூளைப் புறணியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அன்தனி பார்க்கரும் கூட்டாளிகளும் இதை முதலில் மனிதர்களில் செய்து காட்டினார்கள், தலையில் சுருளை வைக்கக் கை தானாகத் துடித்தது. ஆகவே இது ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 இல் மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது, 2018 இல் ஓ.சி.டி எனும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, 2020 இல் சிகரெட்டை நிறுத்த உதவியாக. ஆனால் குடு, மோர்பின், ட்ரமடோல் என்ற வலிக் குளிசை என்று ஓபியொயிட் வகை, அதாவது அபினைப் போல வேலை செய்கிற பொருட்களின் பழக்கத்துக்கு அந்த அனுமதி ரி.எம்.எஸ்ஸுக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் போன் எடுத்தவர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஏன் முயல்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. நெற்றிக்குச் சற்று மேலே இடது பக்கம் இருக்கும் புறணிப் பகுதி "இப்போது வேண்டாம், பொறு" என்று நிறுத்தி யோசிக்க உதவுகிற இடங்களில் ஒன்று. நீண்ட காலப் போதைப் பழக்கத்தில் அந்த இடம் மந்தமாகிறது, உள்ளே ஆழத்தில் பரிசை எதிர்பார்க்கும் வட்டம் பழைய இடத்தையோ பொருளையோ கண்டவுடன் கொந்தளிக்கிறது. 2013 இல் அன்டொனெல்லோ பொன்சியின் குழு கொக்கெயினுக்குப் பழகிய எலிகளில் முன்மூளைப் பகுதி ஒன்றைத் தூண்டியபோது அவை கட்டாயமாகத் தேடிப்போவதை விட்டன. அதைப் படித்துவிட்டு இத்தாலியின் பதோவாவில் கலிம்பேர்த்தி என்ற மருத்துவர் கொக்கெயின் பழக்கக்காரர்களுக்கு ரி.எம்.எஸ் கொடுத்துப் பார்த்தார், 2016 இல் 32 பேருடைய முடிவு வெளிவந்தது, நல்ல அறிகுறி தெரிந்தது. அதே வருடம் சீனாவில் நீண்ட நாள் ஹெரோயின் பாவித்த ஆண்கள் 20 பேரிடம் இடது முன்புறணியில் வினாடிக்குப் பத்துத் துடிப்பு வீதம் கொடுத்தார்கள், ஹெரோயின் சம்பந்தமான படங்களைக் காட்டும்போது எழும் ஆசை குறைந்தது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஆட்கள் மிகக் குறைவு. மற்றது, ஆசை குறைந்தது என்பதும் ஆறு மாதம் கழித்தும் ஆள் பாவிக்காமல் இருக்கிறார் என்பதும் ஒன்றல்ல. கருவி தலையில் படபடவென்று தட்டும், சத்தம் வரும், வெள்ளைக்கோட்டு ஆட்கள் தினமும் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள், இவ்வளவும் சேர்ந்தே ஒருவருக்கு நம்பிக்கை தரும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் பாதிப் பேருக்குச் சத்தமும் தட்டலும் மட்டும் தருகிற போலிச் சுருளை வைக்கிறார்கள். பெரிய எண்ணிக்கையில், போலிச் சுருளோடு ஒப்பிட்டு, மாதக்கணக்கில் பின்தொடர்ந்த சான்றுதான் ஓபியொயிட்டுக்கு இன்னும் போதாமல் இருக்கிறது.


இணுவில்_அக்கா எழுதியது:

மிக்க நன்றி தம்பி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. அந்தக் காணொளியில் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஒரு சின்னக் கருவியையும் காட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை நடுங்கிக்கொண்டு வருகிறாள், அதை ஒட்டி அரை மணித்தியாலத்தில் சிரிக்கிறாள். அதுவும் இதுவும் ஒன்றா?


ஸ்காபரோ_செல்வன் எழுதியது:

அது வேறு. நான் இங்கே மருந்தகத்தில் வேலை செய்கிறேன், ஓரளவு தெரியும். அந்தக் கருவியின் தொடக்கம் நம் ஆசியாவில்தான் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் வலியைக் குறைக்க ஊசியில் மின்சாரம் விட்டு அக்குபங்சர் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அபின், ஹெரோயின் பழக்கமுள்ள சில நோயாளிகள் தங்கள் உளைவும் மூக்கொழுகலும் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்து தொடங்கியது. 2017 நவம்பரில் காதைச் சுற்றி ஓடும் நரம்புக் கிளைகளைத் தூண்டுகிற ஒரு கருவியை அமெரிக்க நிர்வாகம் அனுமதித்தது, ஓபியொயிட் நிறுத்தும்போது வருகிற அந்த உபாதைகளுக்கு மட்டும். 2021 இல் ஊசியே இல்லாமல் தோலில் ஒட்டுகிற ஒன்றுக்கும் அனுமதி கிடைத்தது.

2017 அனுமதிக்கு ஆதாரமாக வைத்தது 73 பேருடைய விபரம். அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் உபாதையை அளக்கும் புள்ளி 31 வீதமோ அதற்கு மேலோ இறங்கியது. ஐந்து நாள் முடிவில் 64 பேர் மருந்துச் சிகிச்சைக்கு மாறினார்கள். கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கள் அக்கா. கருவியை ஒட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை, மருந்துக்கு மாற்றினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது.


சுன்னாகம்_தாதி எழுதியது:

அப்படியென்றால் அது முதல் ஐந்து நாளுக்கு உதவுகிற சாமான். முதல் ஐந்து நாளை மருந்து கொடுத்து நாங்களும் கடத்திவிடுவோம். ஆறாம் நாள் ஆள் கேற்றைத் தாண்டிப் போகும்போதுதான் எங்களுக்குப் பயம்.


கொக்குவில்_லண்டன் எழுதியது:

அந்த ஆறாம் நாளைப் பற்றி நான் சொல்கிறேன். கொக்குவிலில் பிறந்தவன், லண்டனில் இருக்கிறேன், பல வருடம் ஹெரோயின் பாவித்தவன்.

உடம்பு உளைவு ஒரு கிழமையில் போய்விடும். மற்றது போகாது. சிகரெட் பெட்டியில் இருக்கும் வெள்ளித்தாளைக் கண்டால் வாய் ஊறும், வயிறு புரளும். நல்ல சந்தோஷமாக இருக்கும் நாளில், ஒரு கலியாண வீட்டில், யாரோ லைட்டரைத் தட்டுகிற சத்தத்தில் வந்துவிடும். வேண்டாம் என்று நினைக்கும் மூளையும் போகலாம் என்று சொல்லும் மூளையும் ஒன்றுதான், அதுதான் கொடுமை. இணுவில் அக்கா, உங்கள் தம்பி நேர்த்திக்கடன் முடிவதற்குள் திரும்பிப் போனது உங்கள் அன்பு போதாமல் இல்லை.

என்னை நிறுத்தியது புப்ரினோர்பின் என்ற மாற்று மருந்து. காலையில் மருந்தகத்துக்குப் போவேன், மருந்தாளர் குளிசையை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டுத் தருவார், நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே நிற்க வேண்டும், கரைய ஐந்து நிமிடம் பத்து நிமிடம் எடுக்கும், கசப்பு, எச்சிலை விழுங்கக்கூடாது, கதைக்க முடியாது. பின்னால் வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் நிற்பார்கள். முதல் மாதம் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு மிச்ச நாள் முழுக்க என்னுடையது. வேலைக்குப் போனேன். அம்மாவோடு போனில் கதைத்தேன், பொய் சொல்லாமல். காந்தம் எனக்கு யாரும் தரவில்லை. தந்திருந்தால் எடுத்திருப்பேன், ஆனால் குளிசையை விட்டுவிட்டு அல்ல.


யாழ்_வாசி எழுதியது:

நீங்கள் மீண்டது சந்தோஷம் தம்பி, மனசாரச் சொல்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. அதுவும் ஓபியொயிட்தானே? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்து வாழ்நாள் முழுக்க அதில் கட்டிப்போடுவது எப்படி வைத்தியம் ஆகும்? கருவி நல்லது என்று சனம் நினைப்பதே இதனால்தான், அது சுத்தமாக விட வைக்கிறது என்று.


மனநலப்_பயிற்சி எழுதியது:

அண்ணை கேட்பது நியாயமான கேள்வி, வார்டில் அநேகமாக ஒவ்வொரு தகப்பனும் கேட்பார்.

குடு சில மணித்தியாலத்தில் ஏறி இறங்கும். ஏறும்போது மயக்கம், இறங்கும்போது உளைவு, இடையில் அடுத்ததைத் தேடும் ஓட்டம். மெதடோன் என்ற இன்னொரு மாற்று மருந்தும் புப்ரினோர்பினும் நீண்ட நேரம் ஒரே மட்டத்தில் நிற்கும், ஏற்றமும் இறக்கமும் இல்லாதபடியால் ஆள் வேலை பார்க்கலாம், பிள்ளை வளர்க்கலாம். நியூயோர்க்கில் டோலும் நைஸ்வாண்டரும் 1965 இல் மெதடோனைப் பற்றி எழுதியதிலிருந்து எத்தனையோ நாடுகளில் பார்த்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005 இல் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்த மருந்தில் இருக்கும் காலத்தில் சாவு கணிசமாகக் குறைகிறது, இது ஆயிரக்கணக்கான பேரைப் பின்தொடர்ந்து கண்டது. எந்த மூளைத் தூண்டல் கருவிக்கும் அப்படி ஒரு சான்று இல்லை. பக்கத்தில் பஞ்சாப் மாநிலத்தில் அரசே கிளினிக் திறந்து புப்ரினோர்பின் கொடுக்கிறது. நம் நாட்டில் நீண்ட காலமாக உடம்பிலிருந்து இறக்குவதும் புனர்வாழ்வு நிலையத்தில் வைப்பதும்தான் வழியாக இருந்து வந்திருக்கிறது, மாற்று மருந்து பரவலாகவில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. காணொளியில் வருகிற கருவிக்குச் சனம் வளவை ஈடு வைக்கிறது, பட்டியலில் இருக்கிற மருந்தைக் கேட்டு யாரும் குரல் எழுப்பவில்லை.

சுத்தமாக விடுவது என்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதைத் தனியாக எழுத வேண்டும்.


ஒரு_தாய் எழுதியது:

அதை நான் எழுதுகிறேன் பிள்ளை. என் மகன் நிலையத்தில் இருந்து நல்ல உடம்போடு வந்தான். கன்னம் வைத்திருந்தது. தலை வாரிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். சில நாளில் பழைய கூட்டாளி ஒருவன் வந்தான். முன்பு எடுக்கிற அதே அளவைத்தான் எடுத்தானாம். விடியக் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. உடம்பு அதை மறந்துவிட்டது என்று பிறகுதான் டொக்டர் சொன்னார். எங்களுக்கு முதலே யாரும் சொல்லவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் சொல்லுங்கள்.


மனநலப்_பயிற்சி எழுதியது:

அம்மா, எழுதியதற்கு நன்றி. இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதது பெரிய தவறு.

மற்றவர்களுக்கு விளக்கமாக: குடு பழகப் பழக மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டு அந்த அளவுக்குப் பழகிக்கொள்கிறது. சில கிழமை நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும், ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தும் நிலையத்திலிருந்தும் வெளியே வந்த முதல் கிழமைகள்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம். காந்தச் சிகிச்சை முடித்து "இனி ஒன்றுமில்லை" என்று ஊர் திரும்புகிறவருக்கும் இதேதான். ஆகவே எந்த வைத்தியம் செய்தாலும், மருந்துப் பாதுகாப்பு இல்லாமல் வெறுமனே நிறுத்தி அனுப்புகிற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

ஒருவர் எழுப்ப எழும்பாமல், உதடு நீலம் பாய்ந்து, குறட்டை விடுவது போல மூச்சு இழுத்து இழுத்து வந்தால் நித்திரை என்று விட வேண்டாம். உடனே 1990 க்கு எடுங்கள், பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், ஆளை விட்டுப் போகாதீர்கள். என்ன எடுத்தார் என்பதை வருகிறவர்களிடம் மறைக்காதீர்கள். நலோக்சோன் என்ற ஊசி நேரத்துக்குக் கிடைத்தால் மூச்சைத் திருப்பும்.


மானிப்பாய்_ரமணி எழுதியது:

நான் ரி.எம்.எஸ் எடுத்தவள், குடுவுக்கு அல்ல, மனச்சோர்வுக்கு, சென்னையில் அக்கா வீட்டில் தங்கி நின்று. எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். பல் டொக்டரிடம் இருப்பது போன்ற சாய்வு நாற்காலி. முதல் நாள் தலையில் துணித்தொப்பி போட்டு, அளவுநாடா பிடித்து, பேனையால் குறி வைப்பார்கள். பிறகு சுருளை நகர்த்தி நகர்த்தி என் வலது பெருவிரல் துள்ளும் இடத்தைத் தேடினார்கள், எவ்வளவு சக்தியில் துள்ளுகிறது என்று பார்த்துத்தான் எனக்குரிய அளவைத் தீர்மானித்தார்கள். பிறகு மரங்கொத்தி நெற்றிக்கு மேலே இருந்து கொத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொத்தும், நிறுத்தும், மறுபடி கொத்தும். காதில் பஞ்சு. முதல் கிழமை தலையிடி, பிறகு இல்லை. நான் எடுத்தது நாற்பது நிமிடத்துக்குக் கிட்ட, இப்போது மூன்று நிமிட முறையும் வந்திருக்கிறது, மனச்சோர்வில் இரண்டும் ஒரே அளவுக்கு வேலை செய்வதாக 2018 இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது.

எனக்கு உதவியது. ஆனால் கிழமையில் ஐந்து நாள், ஆறு கிழமை வரை. குடுவை விட்டுச் சில நாளேயான ஒரு பெடியனை, தெரியாத நகரத்தில், அறை எடுத்து, அவ்வளவு நாள் தினமும் கூட்டிப் போய் வர யார் நிற்பார்கள் என்று யோசியுங்கள். அங்கேயும் தெருவில் எல்லாம் கிடைக்கும். எனக்குத் தொடங்க முன் ஒரு நீண்ட படிவம் தந்து வலிப்பு வந்ததா, தலையில் உலோகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். உங்களிடம் போனில் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.


மனநலப்_பயிற்சி எழுதியது:

ரமணி அக்கா நல்ல இடத்தைத் தொட்டார். ரி.எம்.எஸ்ஸில் வலிப்பு வருவது மிக அபூர்வம், ஆனால் அதற்கு ஏதுவாக இருப்பவரில் ஆபத்து கூடும். ட்ரமடோல் தனியாகவே வலிப்பை உண்டாக்கக்கூடியது. இங்கே பெடியள் குடு கிடைக்காத நாளில் ட்ரமடோலும், நரம்பு வலிக்குக் கொடுக்கிற ப்ரெகாபலின் குளிசையும் போடுகிறார்கள். ப்ரெகாபலினையோ நித்திரைக் குளிசையையோ சாராயத்தையோ திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். ஆகவே என்னென்ன எடுத்தார் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது நம் ஊருக்கென்றே உள்ள விஷயம். தலையிலோ கழுத்திலோ ஷெல் துண்டு இருக்கிறதா? உலோகத் துண்டு காந்தச் சுருளுக்குப் பக்கத்தில் வந்தால் சூடாகலாம், அசையலாம். போர்க்காலத்தில் வன்னியில் இருந்த யாருக்கும் இதைக் கேட்காமல் விடக்கூடாது.


இணுவில்_அக்கா எழுதியது:

தம்பிக்கு இருக்கிறது. 2009 இல் நாங்கள் புதுமாத்தளனில் இருந்தபோது பட்டது, இடது காதுக்கு மேலே. அவனுக்கு அப்போது பத்து வயது. உள்ளே ஆழமாக இல்லை, எடுக்கப் போனால் கூடச் சேதம் என்று முகாமில் பார்த்த டொக்டர் விட்டுவிட்டார். தலைமயிர் மூடியிருக்கும், தொட்டால் கடலை அளவில் தெரியும். நாங்கள் அதை மறந்தே போனோம். இதை வாசித்தபோது கை நடுங்கிவிட்டது. அந்தக் கிளினிக்கில் ஒரு சொல் கேட்கவில்லை.


மனநலப்_பயிற்சி எழுதியது:

அக்கா, அப்படியானால் சென்னைப் பயணத்தை இப்போதைக்கு விடுங்கள். இடது காதுக்கு மேலே என்றால் சுருள் வைக்கும் இடத்துக்கு மிகக் கிட்ட. ரி.டி.சி.எஸ் என்று ஈரப் பஞ்சு வைத்து ஒன்று இரண்டு மில்லி அம்பியர் நேர்மின்னோட்டம் விடுகிற எளிய முறை ஒன்றும் இருக்கிறது, தலைக்குள் உலோகம் இருந்தால் அதையும் தவிர்ப்பார்கள். இன்னொன்றும் முக்கியம்: யாராவது எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால் ஷெல் துண்டைப் பற்றி முதலில் சொல்லுங்கள், அதுவும் பெரிய காந்தம்தான். எக்ஸ்ரே அல்லது சி.ரி ஸ்கானில் துண்டு எங்கே, எவ்வளவு ஆழம் என்று தெரியும். அதை எடுத்துக் கையில் வைத்திருங்கள், எதற்கும் உதவும்.


ஸ்காபரோ_செல்வன் எழுதியது:

மேற்கு வேர்ஜீனியாவில் அல்ட்ராசவுண்ட் அலையைக் குவித்து மூளையின் ஆழத்துக்கு அனுப்புகிறார்களே, அது காந்தம் இல்லையே, அது எப்படி?


மனநலப்_பயிற்சி எழுதியது:

அலி ரெஸாயின் குழு. 2019 இல் மண்டையைத் திறந்து மின்கம்பி வைத்துப் பார்த்தார்கள், 2021 முதல் திறக்காமல் அல்ட்ராசவுண்ட் அலையை, நான் முன்பு சொன்ன அந்த ஆழமான பரிசு வட்டத்தின் மையத்தில் குவிக்கிறார்கள். வெளிவந்த ஓர் ஆய்வில் எட்டுப் பேருடைய விபரம்தான் இருந்தது. அது ஆராய்ச்சிக்கூடத்துக்குள் இருக்கிற வேலை, எம்.ஆர்.ஐ உள்ளே வைத்துத்தான் செய்வார்கள். அக்காவின் தம்பிக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.


யாழ்_வாசி எழுதியது:

தங்கச்சி, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. என்னிடம் ஓட்டோ இருக்கிறது. இணுவிலிலிருந்து கூட்டிக்கொண்டு போய் விட்டு, முடியும் வரை நின்று கூட்டி வருகிறேன், காசு வேண்டாம். பஸ்ஸில் பழைய கூட்டாளிமாரைச் சந்திக்க வேண்டி வரும், அது வேண்டாம். விற்கிறவனைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை, அதற்கும் யாராவது ஒரு இழை தொடங்குங்கள்.


இணுவில்_அக்கா எழுதியது:

அண்ணை, பெரிய உதவி. அப்பாவிடம் இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒரு_தாய் எழுதியதை வாசிக்கும்போது எழும்பி வெளியே போய்விட்டார். பிறகு வந்து, ஈட்டுக்காரருக்குத் தானே போன் எடுத்து வேண்டாம் என்று சொன்னார். சித்தப்பா கோபப்படுவார், பரவாயில்லை, அவருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த கிளினிக் நாளுக்குப் போகிறோம். டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? எனக்கு அங்கே போனால் வாய் அடைத்துவிடும். அதோடு, பெயர் பதிந்தால் பொலிசுக்குப் போகுமா என்று தம்பி பயப்படுகிறான்.


மனநலப்_பயிற்சி எழுதியது:

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடைசியாக எப்போது, என்ன, எவ்வளவு எடுத்தான், குளிசைகள் உட்பட. தலையில் துண்டு இருக்கிறது. முன்பு நிறுத்தியபோது எந்த நாளில் தாங்க முடியாமல் போனது. பிறகு நீங்கள் கேளுங்கள்: உளைவுக்கு என்ன மருந்து, அதைத் தணிக்கிற, ஆனால் இரத்த அழுத்தத்தையும் இறக்குகிற க்ளோனிடின் தருவீர்களா, இரத்த அழுத்தம் யார் பார்ப்பார்கள்; முதல் கிழமை முடிந்த பிறகு ஆசையை அடக்க நீண்ட கால மருந்து எது கிடைக்கும், புப்ரினோர்பினோ, ஓபியொயிட் வேலை செய்யாமல் தடுக்கிற நல்ட்ரெக்சோனோ இங்கே சாத்தியமா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்; மறுபடி எடுத்துவிட்டால் திரும்ப வரலாமா. கடைசிக் கேள்வியைத் தம்பி முன்னாலேயே கேளுங்கள், பதில் அவனுக்குக் கேட்க வேண்டும். மனச்சோர்வும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பத்து வயதில் புதுமாத்தளனில் நின்ற பிள்ளை அவன்.

இடையில் அவசரமாகக் கதைக்க வேண்டுமென்றால் அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது, மனநல உதவிக்கு 1926.


கொக்குவில்_லண்டன் எழுதியது:

அக்கா, தம்பி விரும்பினால் என்னோடு கதைக்கலாம், தனிமடலில் நம்பர் தருகிறேன். இரவு நேரம்தான் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும், இங்கே அப்போது மாலை, நான் விழித்திருப்பேன்.


சுன்னாகம்_தாதி எழுதியது:

பொலிஸ் பற்றி: வைத்தியம் கேட்டு வருகிற பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை அல்ல, தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள். காலையில் வெள்ளெனப் போங்கள், வெயில் ஏற முன் நம்பர் எடுத்தால் காத்திருக்கும் நேரம் குறையும். அடையாள அட்டையும் பழைய மருந்துத் துண்டுகளும் எடுங்கள். ஜீவனி, அதுதான் வயிற்றாலைக்குக் குடிக்கிற உப்புக் கரைசல், கரைத்து ஒரு போத்தலில் கொண்டு போங்கள், ஒரு துவாயும். உளைவு தொடங்கியிருந்தால் வரிசையில் இருக்க முடியாது, மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னால் படுக்க இடம் தருவார்கள்.